இடைவெளியில் பிறந்த மொழிகள்: குடியேற்றக்கால அமெரிக்க ஆல்மனாக்குகளும் மொழிபெயர்ப்பாளரும்

பெஞ்சமின் பிராங்க்ளின் பெயரால் உலகெங்கும் வழங்கும் முதுமொழிகள் பல. சிக்கனம், உழைப்பு, நேரத்தின் அருமை, கடனின் கேடு ஆகியவை பற்றிய அம்மொழிகள் பள்ளிப் பாடநூல்களிலும் நாட்குறிப்பேடுகளின் அடியிலும் சுவரொட்டிகளிலும் இடம்பெறுகின்றன. அவற்றை மொழிபெயர்ப்போர் ஒவ்வொன்றையும் தனித்து நிற்கும் ஒரு வாக்கியமாகவே கொள்கின்றனர். கூறியவர் பிராங்க்ளின் என்றும், கூறியதன் நோக்கம் அறிவுரை என்றும் முடிவு செய்துகொள்கின்றனர். இவ்விரு முடிவுகளும் ஆய்வுக்குரியன. அம்மொழிகள் முதலில் அச்சேறிய இடம் அறநூல் அன்று; ஆண்டுதோறும் விற்கப்பட்ட ஆல்மனாக்கின் மாதப் பக்கம். அங்கே அவற்றைக் கூறுபவரும் பிராங்க்ளின் அல்லர். ரிச்சர்டு சாண்டர்ஸ் என்னும் வறிய சோதிடர். பக்கத்தை விட்டு வரியை மட்டும் பெயர்த்தெடுக்கும்போது கூறுநரும் அவர்தம் குரலும் மறைந்து பொருள் மட்டும் எஞ்சுகிறது. அவ்வாறு எஞ்சும் பொருளும் மூலத்தின் பொருள்தானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'ஆல்மனாக்கு' என்னும் சொல் ஸ்பெயின் நாட்டு அரபு வழக்கிலிருந்து இடைக்கால இலத்தீனுக்கு வந்தது என்பர். அதற்கு முந்திய வேர் குறித்துச் சொல்லாய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. தமிழில் இதனைப் 'பஞ்சாங்கம்' என மொழிபெயர்ப்பது பெருவழக்கு. கோள்நிலை, நாள், கிழமை ஆகியவற்றைக் கூறும் ஆண்டு வெளியீடு என்ற அளவில் இது பொருந்தும். ஆயினும் திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளால் பெயர்பெற்றது பஞ்சாங்கம். அதன் பயன் நல்ல நேரம் அறிந்து சடங்கு செய்வது. அமெரிக்க ஆல்மனாக்கிலோ கடல் ஓதம், நீதிமன்றம் கூடும் நாள், ஊர்களுக்கிடையேயான வழித்தொலைவு, வீட்டு மருத்துவம், செய்யுள், நகைச்சுவை ஆகிய அனைத்தும் கலந்திருந்தன. பஞ்சாங்கத்தைத் தமிழர் படிப்பது ஒரு முறையில். ஆல்மனாக்கை அந்நாட்டு உழவர் படித்தது வேறொரு முறையில். முன்னதில் கேலிக்கு இடமில்லை. பின்னதில் கேலி விற்பனைச் சரக்கு. மொழிபெயர்ப்பின் முதற் சொல்லிலேயே நடை பற்றிய ஒரு தவறான எதிர்பார்ப்பு படிப்பவரிடம் உண்டாகிவிடுவதால் இக்கட்டுரையில் கடன்சொல்லையே ஆள்கிறேன்.

ஆங்கிலேயரின் வட அமெரிக்கக் குடியேற்றங்களில் முதல் அச்சகம் மாசசூசெட்சைச் சேர்ந்த கேம்பிரிட்ஜில் நிறுவப்பட்டது. அங்கு முதலில் அச்சானது குடியுரிமை உறுதிமொழித் தாள்; அடுத்தது 1639ஆம் ஆண்டுக்கான ஆல்மனாக்கு. அதைக் கணித்தவர் வில்லியம் பியர்ஸ் என்னும் மாலுமி. அதன் படி ஒன்றும் எஞ்சவில்லை. திருப்பாடல் நூல் அச்சானது அதற்குப் பின்னர், 1640இல்தான். சமயக் கட்டுப்பாடு மிக்க சமுதாயத்தில் வழிபாட்டு நூலுக்கும் முன்னதாகக் காலக்கணிப்பு அச்சேறியமை எண்ணத்தக்கது. இன்று கிடைப்பனவற்றுள் மூத்தது 1646ஆம் ஆண்டுக்குச் சாமுவேல் டான்ஃபோர்த் கணித்தது. அவரும் அவரைத் தொடர்ந்து கேம்பிரிட்ஜில் ஆல்மனாக்கு இயற்றியோருட் பலரும் ஹார்வர்டு கல்லூரியில் பயின்றவர்கள். ஆல்மனாக்கு இயற்றுவோர் தம் பெயருடன் சேர்த்துக்கொண்ட பட்டம் 'ஃபிலோமத்'. கல்வியை விரும்புபவர் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். பின்னாளில் கல்லூரியின் வாயிலையே காணாதவர்களும் இப்பட்டத்தைச் சூட்டிக்கொண்டமையால் அதில் ஏளனத்தின் சாயல் படிந்தது. 'கலைஞானி' என்றோ 'கல்வியார்வலர்' என்றோ ஒரே சொல்லால் இரு நூற்றாண்டுகளுக்கும் பெயர்த்தால் இந்த வீழ்ச்சி தெரியாமற் போகும்.

மாதப் பெயர்களே அக்காலத்தில் பூசலுக்குரியனவாக இருந்தன. உரோமத் தெய்வங்களின் பெயர் தாங்கிய மாதங்களைச் சொல்லுதல் கிறித்தவர்க்கு ஒவ்வாது எனக் கருதிய தூய்மைவாதிகள் முதல் மாதம், இரண்டாம் மாதம் என எண்ணினர். குவேக்கர் எனப்படும் நண்பர் கழகத்தினர் கிழமைகளையும் அவ்வாறே எண்ணால் சுட்டினர். இங்கு மொழிபெயர்ப்பாளர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 1752க்கு முன்னர் ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு மார்ச்சு 25இல் தொடங்கியது. ஆகவே அவர்களது 'முதல் மாதம்' மார்ச்சே. சனவரி பதினோராம் மாதம். கனெக்டிகட்டில் சேபுருக் ஊரில் வாழ்ந்த ஜான் டல்லி 1687ஆம் ஆண்டுக்கான தம் ஆல்மனாக்கைச் சனவரியில் தொடங்கியது அந்நாளில் ஒரு புதுமை. 1751இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி 1752 செப்டம்பர் 2ஆம் நாளுக்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆயிற்று. ஆண்டுத் தொடக்கமும் சனவரி 1க்கு மாறியது. 1752ஆம் ஆண்டுக்கான 'ஏழை ரிச்சர்டு' இம்மாற்றத்தை விளக்கி எழுதியது. மதகுரு விளக்கியதோ அரசாணை விளக்கியதோ எத்தனை பேரை எட்டியிருக்கும் என்பது ஐயமே. ஆல்மனாக்கு வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒற்றைச் சொல்லால் அச்சகத்தார் இடருற்றதும் உண்டு. பென்சில்வேனியாவில் வில்லியம் பிராட்ஃபோர்டு 1685இல் அச்சிட்ட முதல் வெளியீடு, சாமுவேல் அட்கின்ஸ் இயற்றிய 1686ஆம் ஆண்டுக்கான ஆல்மனாக்கு. அதில் குடியேற்றத்தின் உரிமையாளரான வில்லியம் பென்னைப் 'பிரபு' எனச் சுட்டும் அடைமொழி இடம்பெற்றுவிட்டது. மனிதரைப் பட்டத்தால் அழைப்பதைக் குவேக்கர் ஏற்பதில்லை. ஆட்சிக்குழு பிராட்ஃபோர்டைக் கண்டித்து அச்சொல்லை மையிட்டு அழிக்கச் செய்தது. அடுத்து டேனியல் லீட்ஸ் என்னும் குவேக்கர் இயற்றிய ஆல்மனாக்கு, சோதிடக் கூறுகள் மிகுந்ததென்று அவர் சார்ந்த சமயக் குழுவினராலேயே 1680களின் இறுதியில் அடக்கப்பட்டது. விளிச்சொல், மரியாதைச் சொல், நாட்பெயர் ஆகியவற்றில் இத்துணைக் கூர்மை கொண்ட படிப்போருக்கு எழுதப்பட்டவை இவ்வெளியீடுகள். எளிய மக்களுக்கான எளிய எழுத்து என இவற்றை ஒதுக்கும் இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதனைக் கருதிப் பார்க்கவில்லை.

ஆங்கிலம் அல்லாத மொழியிலும் இம்மரபு செழித்தது. ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோபர் சௌர் 1739ஆம் ஆண்டு முதல் ஜெர்மன் மொழியில் ஆல்மனாக்கு வெளியிட்டார். 1765இல் விதிக்கப்பட்ட முத்திரைவரிச் சட்டம், ஒரு தாளின் ஒரு பக்கத்தில் அச்சான ஆண்டு ஆல்மனாக்குக்கு இரண்டு பென்சும் பிறவற்றுக்கு நான்கு பென்சும் வரி விதித்தது. அதே சட்டம் ஆங்கிலமல்லாத மொழியில் அச்சாவனவற்றுக்கு இருமடங்கு வரி கேட்டது. அடுத்த ஆண்டே சட்டம் நீக்கப்பட்டதால் இதன் முழு விளைவு தெரியவரவில்லை. ஆயினும் ஒரு மொழியின் நாட்காட்டிக்கு மற்றொரு மொழியின் நாட்காட்டியைவிட இருமடங்கு விலை வைக்க நினைத்த ஆட்சி, மொழிக்கொள்கை வரலாறு எழுதுவோரின் கவனத்திற்கு உரியது.

இனி மாதப் பக்கத்துக்கு வருவோம். பக்கத்தின் தலைப்பில் சில அடிச் செய்யுள் ஒன்று, அதன்கீழ் நிரல்கள். ஒரு நிரலில் தேதி, அடுத்ததில் கிழமை; ஞாயிறு எழும், விழும் நேரங்களுக்கும் திங்களின் நிலைக்கும் தனித்தனி நிரல்கள். இவற்றிடையே அகன்ற நிரல் ஒன்று உண்டு. திருநாள், மன்னர் பிறந்தநாள், வானிலைக் குறிப்பு ஆகியவை அதில் நாளுக்கு நேரே வரும். வானிலைக் குறிப்போ ஒரு நாளுக்குரியதாக இராது. 'மழை' என்னும் சொல் ஒரு நாளுக்கு நேரேயும், 'வரக்கூடும்' என்னும் பொருள் தரும் சொல் இரண்டு நாள் தள்ளியும், 'பின்னர்க் குளிர்' என்பது மேலும் கீழேயும் அச்சாகும். மழை எந்நாளில் என்று எவரும் கணிப்பவரைப் பிடிக்க முடியாது. இந்த நிரலில் எஞ்சிய இடத்தில்தான் முதுமொழிகள் செருகப்பட்டன. குறிப்பிடத்தக்க நாட்களுக்கிடையே கிடந்த சிறு இடைவெளிகளையெல்லாம் முதுமொழிகளால் நிரப்பியதாகவும், பிற நூல்களை வாங்காத பொதுமக்களுக்கு அறிவுரை கொண்டு செல்ல இது ஏற்ற வழியெனக் கருதியதாகவும் பிராங்க்ளின் தம் தன்வரலாற்றில் கூறுகிறார். ஆண்டுக்குப் பத்தாயிரம் படிகளை ஒட்டி விற்றதாகவும் அங்கே குறிப்பிடுகிறார். அறிவுரை நோக்கம் பற்றிய அவர் கூற்றைப் பலரும் மேற்கோள் காட்டுகின்றனர்; இடைவெளி பற்றிய கூற்றைக் கண்டுகொள்வதில்லை. மொழியியலார்க்கு முதன்மையானது பின்னதே.

இடைவெளி அளவைத் தருகிறது. குறுகிய நிரலில் ஒரு மொழி இரண்டு மூன்று வரிகளாக உடைந்து, வானிலைச் சொற்களோடு பின்னி வரும். நீண்ட மொழி அங்கே அடங்காது. பிராங்க்ளின் மொழிகளிற் பெரும்பாலானவை அவர் ஆக்கியவை அல்ல; ஜார்ஜ் ஹெர்பர்ட்டு 1640இல் வெளிவந்த தம் தொகுப்பிலும், ஜேம்ஸ் ஹவல் அடுத்த இருபதாண்டுகளிலும், தாமஸ் ஃபுல்லர் 1732இலும் திரட்டியவற்றிலிருந்து எடுத்தாளப்பட்டவை பல. எடுத்ததை அவர் என் செய்தார் என்பதே காணத்தக்கது. மூன்று சான்றுகள் போதும்.

ஹெர்பர்ட்டின் தொகுப்பில், நோய் தீர்ப்பவர் கடவுள், நன்றி பெறுபவர் மருத்துவர் என்னும் கருத்துடைய மொழி உள்ளது. 1736ஆம் ஆண்டு ஆல்மனாக்கில் நன்றி போய்க் கட்டணம் வந்துவிட்டது. ஒரு பெயர்ச்சொல்லின் மாற்றம் இது. பழைய மொழி மனிதனின் நன்றி மறத்தலை நோகிறது; புதிய மொழி மருத்துவரின் பணப்பையைக் காட்டுகிறது. முன்னதில் இருந்த இறைப்பற்று பின்னதில் ஒரு புன்னகையாகிவிட்டது.

பதினாறாம் நூற்றாண்டிலேயே ஜான் ஹேவுட்டின் தொகுப்பில் காணப்படும் மற்றொரு மொழி, மூவர் ஒரு மறைபொருளைக் காக்கலாம், இருவர் அங்கு இல்லாவிடில் என்பது. 1735இல் பிராங்க்ளினிடம் அவ்விருவரும் இறந்துவிடுகின்றனர். இல்லாமை சாவாக மாறியதும் நகைப்பும் அச்சமும் ஒருங்கே பிறக்கின்றன. தமிழில் இதைப் பெயர்ப்போர்க்கு ஓர் இடையூறு உண்டு. ஆங்கிலத்தில் நிபந்தனைத் தொடர் இறுதியில் வருவதால் அடி கடைசிச் சொல்லில் விழுகிறது. தமிழில் நிபந்தனை எச்சம் முன்னே வரும் இயல்பினது. இயல்பான தமிழ் அமைப்பில் பெயர்த்தால் இருவரின் சாவு முதலிலேயே வெளிப்பட்டு நகைச்சுவை கெட்டுவிடும். முதன்மைத் தொடரை முன்வைத்து, எச்சத்தைப் பின்தள்ளிப் பேச்சு வழக்கு அமைப்பில் நிறுத்துவதே தக்கது. மேடைப் பேச்சிலும் வீட்டுப் பேச்சிலும் தமிழர் இவ்வாறு கூறுவதுண்டு. எழுத்துத் தமிழின் இலக்கணத் தூய்மை கருதி மொழிபெயர்ப்பாளர் அதைத் தவிர்க்கின்றனர்.

மூன்றாவது சான்று விருந்தினர் பற்றியது. புதிய மீனும் வந்த விருந்தினரும் மூன்று நாள் கடந்தால் நாறுவர் என்னும் கருத்து ஜான் லிலியின் காலத்திலேயே ஆங்கிலத்தில் வழங்கியது. 1736இல் பிராங்க்ளின் அடைமொழிகளை நீக்கிச் சில சொற்களில் அடக்கினார். இதற்கு நிகராக 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்னும் பழமொழியைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உடனே எடுத்துவைப்பர். கருத்து ஒன்றுதான், எண்ணும் ஒன்றுதான். ஆனால் தமிழ்ப் பழமொழி விருந்தை மருந்தோடு சேர்த்து மதிப்புடன் வழியனுப்புகிறது. ஆங்கில மொழி விருந்தினரை மீன்கூடையில் போடுகிறது. நிகர்மொழி காணும் முறையில் கருத்து ஒப்புமை பெறுகிறது. கூறுநரின் முகம் மாறிவிடுகிறது. நிகர்மொழியே கூடாது என்பது என் கருத்தன்று. மீன் நாற்றத்தை இழக்கிறோம் என்ற உணர்வோடு அதைச் செய்தல் வேண்டும்.

இம்மொழிகளைக் கூறும் ரிச்சர்டு சாண்டர்ஸ் யார்? பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்பெயருடைய ஆல்மனாக்குக் கணிப்பாளர் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். 'ஏழை' என்னும் அடைமொழியும் இரவல். 'ஏழை ராபின்' என்னும் கேலி ஆல்மனாக்கு இங்கிலாந்தில் நெடுங்காலம் வெளிவந்தது. பிராங்க்ளினின் அண்ணன் ஜேம்ஸ் ரோடு தீவில் 1728ஆம் ஆண்டுக்கு அப்பெயரிலேயே ஒன்று வெளியிட்டார். இங்கே தமிழ் மொழிபெயர்ப்புக்கு ஒரு நல்வாய்ப்பு உள்ளது. இன்று 'ஏழை' பொருளற்றவனைக் குறிக்கிறது; பழந்தமிழிலோ அது அறிவில் எளியவனையும் குறித்தது. ஆங்கில அடைமொழியிலும் வறுமையும் பேதைமையும் கலந்தே உள்ளன. பிரெஞ்சில் 1777இல் இதனைப் பெயர்த்தவர்கள் 'பொனோம்' என்னும் சொல்லை ஆண்டனர். நல்லியல்புடைய எளிய மனிதர் என்பது அதன் பொருள். வறுமை அங்கே கழன்றுவிட்டது. பிரெஞ்சு மக்கள் கண்டது ஊர்ப் பெரியவர் ஒருவரை. அமெரிக்க உழவர் கண்டதோ மனைவிக்கு அஞ்சி எழுதும் ஒருவரை.

மனைவிக்கு அஞ்சி என்பது மிகைக்கூற்று அன்று. 1732 டிசம்பரில் வெளிவந்த முதல் வெளியீட்டின் முன்னுரையில், தாம் மிக வறியவர் என்றும், தம் நூல்களையும் கருவிகளையும் கொண்டு பொருள் ஈட்டாவிடில் அவற்றை எரித்துவிடப்போவதாக மனைவி பலமுறை அச்சுறுத்தினாள் என்றும், அதனாலேயே எழுதத் துணிந்ததாகவும் ரிச்சர்டு கூறுகிறார். அதே முன்னுரையில் போட்டி ஆல்மனாக்குக் கணிப்பாளரான டைட்டன் லீட்ஸ் 1733 அக்டோபர் 17 பிற்பகல் 3 மணி 29 நிமிடத்திற்கு இறப்பார் எனக் கணித்தார். லீட்ஸ் தம் கணிப்பின்படி அது அக்டோபர் 26 என்கிறாராம். டைட்டன் லீட்ஸ் உண்மை மனிதர். முன்னர்க் குறிப்பிட்ட டேனியல் லீட்சின் மகன். தாம் உயிரோடிருப்பதாகவும் ரிச்சர்டு பொய்யர் என்றும் அவர் அச்சிட்டார். இவ்வளவு இழிந்த சொற்களைப் பண்பாளரான என் நண்பர் எழுதியிரார். ஆகவே அவர் இறந்தது உறுதி என்று ரிச்சர்டு மறுமொழி கூறினார். 1708இல் ஜொனாதன் சுவிஃப்ட்டு பார்ட்ரிட்ஜ் என்னும் சோதிடர்மேல் ஏவிய அதே உத்தி இது. லீட்ஸ் 1738இல் உண்மையில் இறந்த பின்னரும் விளையாட்டு ஓயவில்லை. 1740ஆம் ஆண்டு ஆல்மனாக்கில் அவரது ஆவி எழுதிய கடிதம் வந்தது. ஒரு குடும்பத்தின் பிழைப்பான தொழிலை இவ்வாறு கேலி செய்தது அறமா என்று எனக்கு ஐயம் உண்டு. ஆனால் இத்தகைய கூறுநர் வாயிலிருந்து வரும் நேர்மை பற்றிய முதுமொழியை எவ்வாறு கேட்கவேண்டும் என்பதை இவ்விளையாட்டே கற்பிக்கிறது.

1738ஆம் ஆண்டு முன்னுரையை எழுதுபவர் மனைவி பிரிட்ஜெட். கணவர் அச்சகத்துக்கு அனுப்பச் சொன்ன கட்டைப் பிரித்துப் பார்க்கிறார். தம்மைக் குறைகூறும் முன்னுரையை அடித்துவிடுகிறார். மாதப் பக்கங்களில் மோசமான வானிலை மிகுதி என்று கண்டு, இல்லத்தரசியர் துணி உலர்த்த ஏதுவாகச் சில நல்ல நாட்களைச் செருகுகிறார். ஆல்மனாக்கின் கணிப்பு எத்தகையது என்பதை அதன் உள்ளிருந்தே சிரித்துக் காட்டும் இடம் இது. முதுமொழித் தொகுப்புகளில் பிரிட்ஜெட்டுக்கு இடமில்லை.

1758ஆம் ஆண்டுக்கான முன்னுரையே பின்னாளில் 'செல்வத்துக்கு வழி' என்னும் பெயரில் பல மொழிகளில் பரவியது. 1757இல் இங்கிலாந்து செல்லும் கடற்பயணத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதன் அமைப்பு மூன்று அடுக்குடையது. ஏலம் தொடங்கக் காத்திருக்கும் கூட்டத்தை ரிச்சர்டு காண்கிறார். அங்கே ஆபிரகாம் என்னும் முதியவர், வரிச்சுமை பற்றிக் கேட்டவர்களுக்கு, ரிச்சர்டு சொன்னார், ரிச்சர்டு சொன்னார் என்று இருபத்தைந்து ஆண்டுகளின் முதுமொழிகளை அடுக்கிச் சொற்பொழிவாற்றுகிறார். மேற்கோளாகத் தம்மை எவரும் எடுத்தாளவில்லையே என ஏங்கிய எழுத்தாளர் ரிச்சர்டு, தம் மொழிகளைப் பிறர் வாயால் கேட்டு உள்ளம் பூரிக்கிறார். அம்மொழிகளில் பத்தில் ஒரு பங்குகூடத் தம்முடையதன்று என்பதும் அவருக்குத் தெரியும். சொற்பொழிவு முடிகிறது. கூட்டம் அதனை ஏற்றுப் பாராட்டுகிறது. உடனே அதற்கு நேர்மாறாக, கோயிற் பிரசங்கம் கேட்டவர்களைப் போல, ஏலத்தில் கண்டபடி வாங்கத் தொடங்குகிறது.

பதிப்பாளர்கள் செய்தது என்ன? 1758இலேயே இச்சொற்பொழிவு பாஸ்டனில் தனிநூலாக வந்துவிட்டது. பின்வந்த சுருக்கப் பதிப்புகள் பலவற்றில் ஏலமும் கூட்டமும் ரிச்சர்டின் தற்பெருமையும் நீங்கி அறிவுரை மட்டும் நின்றது. சட்டகம் நீங்கியபின் சொற்பொழிவாளரும் ரிச்சர்டும் பிராங்க்ளினும் ஒருவராகிவிட்டனர். மொழியியல் நோக்கில் இது நேர்கூற்றின் வாயிலை நீக்கி உள்ளடக்கத்தை ஆசிரியர்மேல் ஏற்றும் செயல். 'என்றார்' என்னும் ஒரு சொல்லை நீக்குவதால் விளையும் பொருள்மாற்றத்தைத் தமிழ் இலக்கண மாணவரும் அறிவர்.

இந்த ஒருவரையே மாக்ஸ் வெபர் கண்டார். 1904-05இல் அவர் எழுதிய ஆய்வில், முதலாண்மை மனப்பான்மைக்கு இலக்கணமாகப் பிராங்க்ளினின் இரு பகுதிகளை எடுத்துக்காட்டினார். ஒன்று இளம் வணிகர்க்கான கையேட்டில் வந்தது. மற்றொன்று செல்வராக விரும்புவோர்க்கான குறிப்புகள் என 1737ஆம் ஆண்டு ஆல்மனாக்கில் இடம்பெற்றது. பின்னதன் அண்டையில் வானிலைப் பொய்களும் மனைவி பற்றிய கேலியும் இருந்தன என்பது அவர் வாதத்தில் இடம்பெறவில்லை. வெபரின் கொள்கை இதனால் வீழ்ந்துவிடும் என்று நான் கூறவில்லை. சான்றின் நடையை அவர் ஆராயவில்லை என்பதே குறை. டி.எச். லாரன்சு 1923இல் பிராங்க்ளின்மேல் கடுஞ்சினம் கொண்டு எழுதினார். வியப்பு என்னவெனில், சிறுவயதில் தம் தந்தை வாங்கிவந்த மலிவான ஆல்மனாக்கையும் அதன் மூலைகளில் திணித்திருந்த நகைச்சுவைத் துணுக்குகளையும் நீதித் துணுக்குகளையும் நினைவுகூர்பவர் அவரே. பிராங்க்ளினை வெறுத்த அவருக்கு மூலை நினைவிருந்தது. போற்றியோர் பலர்க்கு அது நினைவில்லை.

தமிழில் 'ஏழை ரிச்சர்டு' முழுமையாகப் பெயர்க்கப்படுமாயின், ஓர் ஆண்டின் ஆல்மனாக்கையேனும் பக்க அமைப்போடு தருதல் வேண்டும் என்பது என் பரிந்துரை. நிரல்களும், உடைந்த வரிகளும், மழைச் சொற்களுக்கிடையே செருகிய மொழிகளும் அவ்வாறே நிற்கட்டும். 1738 அதற்கு ஏற்ற ஆண்டு. பிரிட்ஜெட்டின் முன்னுரைக்கு வீட்டுத் தமிழ் வேண்டும், அதைச் செந்தமிழாக்கிவிடக் கூடாது. 1758 முன்னுரையைப் பெயர்ப்போர் ஆபிரகாமின் உரைக்கு மேடைத் தமிழையும் ரிச்சர்டின் கதைக்குத் தன்மை ஒருமையில் அமைந்த எளிய தமிழையும் வேறுபடுத்தி ஆளலாம். இறுதிப் பகுதியில் ரிச்சர்டு ஒரு புதிய மேலங்கிக்குத் துணி வாங்க வந்திருந்தவர். உரையைக் கேட்டபின் பழைய அங்கியையே இன்னும் சிறிது காலம் அணிவதென முடிவுசெய்து திரும்புகிறார். கூட்டத்தில் அறிவுரையைக் கேட்டு நடந்தவர், அவ்வறிவுரையை இரவல் வாங்கி விற்ற ஒருவரே. அந்தத் துணியை அவர் விலை கேட்டாரா, தொட்டுப் பார்த்தாரா, அல்லது வாங்க எண்ணினார் என்ற அளவில் நின்றாரா என்பதை ஆங்கில வினைமுற்றின் கால அமைப்பிலிருந்து துணிந்து, தமிழில் 'வாங்கவிருந்தேன்' என்பதா 'வாங்கலாம் என்றிருந்தேன்' என்பதா எனத் தேர்வது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. நான் இரண்டாவதையே தேர்வேன்.